எங்கள் ஆறு கடல் சேரும் இடம்

இருபத்திரண்டு வருஷ காலமாக ஒரு வாக்கியத்தை நான் கரும்பலகையில் எழுதி வருகிறேன். "பாலாறு வாயலூருக்கு அருகில் வங்காள விரிகுடாவில் கலக்கிறது" என்பதே அந்த வாக்கியம். பிள்ளைகள் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொள்வார்கள். பரீட்சையில் அப்படியே திருப்பி எழுதுவார்கள். நானும் தாராளமாக ஒரு மார்க்குப் போடுவேன். சென்ற மார்கழியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து நின்று, "சார், அந்த இடத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டு விட்டாள். வகுப்பு முழுவதும் நிசப்தம். "பார்த்ததில்லை, அம்மா" என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்?

அன்று மாலையே இந்தப் பிரயாணம் நிச்சயமாயிற்று.

ஆரணியைப் பட்டுச் சேலைக்காக அறிந்தவர்கள் உண்டு. அரிசிக்காக அறிந்தவர்களும் உண்டு. ஆற்றுக்காக அறிந்தவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் எங்கள் ஊருக்கு ஓர் ஆறு உண்டு. கமண்டல நதி என்பது அதன் பெயர். ஜமதக்னி முனிவரின் கமண்டலத்திலிருந்து பெருகியது என்று எங்கள் பாட்டிமார் சொல்வார்கள். ரேணுகாதேவி நாள்தோறும் அதன் மணலைப் பிசைந்து சுடாத குடம் வனைந்து, அந்தக் குடத்திலேயே நீர் மொண்டு சென்றாள் என்பது கதை. இன்றைக்கு மணலும் குறைவு, நீரும் குறைவு. ஜவ்வாது மலையில் பிறக்கும் இந்தச் சிற்றாறு செய்யாற்றில் கலக்கிறது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேருகிறது. பாலாறு வாயலூரில் சமுத்திரத்தை அடைகிறது. ஆகவே, பூகோள சாஸ்திரப்படி, ஆரணியில் ஒருவர் கை கழுவினால் அந்த ஜலம் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் வாயலூர்தான்.

இன்னொரு விசேஷமும் உண்டு. எங்கள் தறிகளில் ஏறும் பட்டு நூலில் பெரும் பகுதி கன்னட நாட்டிலிருந்து வருகிறது. பாலாறும் அந்த மேட்டு நாட்டில், நந்தி மலைப் பக்கத்தில்தான் பிறக்கிறது. மொத்தம் 348 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆற்றில் 222 கிலோமீட்டர் நம்முடைய தமிழ்நாட்டில் கிடக்கிறது. 'கிடக்கிறது' என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். வருஷத்தில் பெரும் பகுதி அது ஓடுவதில்லை.

பொங்கலை ஒட்டிப் புறப்படலாம் என்று யோசனை சொன்னவர் தபால் இலாகாவில் வேலை பார்க்கும் என் நண்பர். அவருக்குப் பக்ஷிப் பைத்தியம். 2015-ஆம் வருஷம் முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடெங்கும் ஆர்வமுள்ள ஜனங்கள் தாங்கள் இருக்குமிடத்துப் பறவைகளை எண்ணிப் பட்டியலிட்டு அனுப்புகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இதில் சேரலாம். நாமும் ஒரு பட்டியல் அனுப்புவோமே என்றார் நண்பர். குளிர் காலத்தில்தான் வடதேசத்துப் பறவைகள் நம் கழிமுகங்களுக்கு வருகின்றன, பொங்கலுக்குத் தறிகளும் நிற்கும், எல்லாவற்றுக்கும் சௌகரியம்.

மாட்டுப் பொங்கலன்று பகல் சாப்பாடு முடிந்ததும் ஒரு வாடகை வண்டியில் கிளம்பினோம். ஐந்து பிள்ளைகள், அவர்களில் இருவரின் தாய்மார், தபால் நண்பர், நான், புளியோதரைத் தூக்கோடு என் மனைவி. பதினொன்றாவது ஆள் அழையாமல் வந்தவர். எங்கள் தெருக் கோடியில் சாயப் பட்டறை வைத்திருந்த பெரியவர். எழுபத்து நாலு வயது. முதல் நாள் இரவு வாசற்படியில் வந்து நின்று, "வாத்தியாரே, நானும் வரேன். குருவி, கொக்கு எல்லாம் எனக்குத் தெரியாது. ஆறு முடியற இடத்தைப் பார்க்கணும், அவ்வளவுதான்" என்றார். காரணத்தை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆற்றின் போக்கிலேயே போக வேண்டும் என்பதற்காகச் செய்யாறு, காஞ்சிபுரம், வாலாஜாபாத் என்று சுற்றிக் கொண்டு, சாயங்காலம் திருமுக்கூடலில் இறங்கினோம். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம் அது. அங்குள்ள பெருமாள் கோயிலில் 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய நீண்ட சாஸனம் ஒன்று இருக்கிறது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலையையும், அதில் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளையும் அது வரிசையாகச் சொல்கிறது. பிள்ளைகள் அதை விரலால் தடவிப் பார்த்தார்கள். பெரியவர் மட்டும் கோயிலுக்குள் வராமல் ஆற்று மணலில் நின்று, இதில் செய்யாற்றுத் தண்ணீர் எது, பாலாற்றுத் தண்ணீர் எது என்று என்னைக் கேட்டார். அவர் காட்டிய இடத்தில் மணலுக்கு நடுவே ஒரு வேட்டி அகலத்துக்கு ஜலம் ஓடிக் கொண்டிருந்தது. வித்தியாசம் எனக்கும் தெரியவில்லை.

இரவு தங்கியது திருக்கழுக்குன்றத்தில். பறவை பார்க்கப் போகிறவர்கள் இந்த ஊரில் தங்காமல் போவது அபசாரம். பக்ஷி தீர்த்தம் என்று பெயர் பெற்ற இம்மலை மீது நாள்தோறும் உச்சிப் போதில் இரண்டு கழுகுகள் வந்து, பண்டாரம் படைக்கும் சர்க்கரைப் பொங்கலை உண்டு போகும். காசியில் நீராடி, இங்கே பசியாறி, ராமேசுவரம் செல்கின்றன என்பது ஜனங்களின் நம்பிக்கை. அக்காலத்தில் சதுரங்கப்பட்டினத்தில் வியாபாரம் செய்த டச்சுக்காரர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்து, இங்குள்ள குடைவரை மண்டபத்தில் தங்கள் பெயர்களைச் செதுக்கி விட்டுப் போயிருக்கிறார்கள். சுவரில் பெயர் எழுதும் வியாதி நம்மவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று தெரிந்து எனக்குச் சற்று ஆறுதல்.

என் மனைவி ஏழு வயதில் அந்தக் கழுகுகளைப் பார்த்தவள். "அழுக்கு வெள்ளை நிறம், மஞ்சள் முகம். கழுகு என்றதும் நான் பயந்திருந்தேன், அவை கோழி மாதிரி நடந்து வந்தன" என்று பிள்ளைகளுக்குச் சொன்னாள். மஞ்சள்முகப் பாறு என்பது அந்த இனத்தின் பெயர். தலைமுறை தலைமுறையாக, ஒரு ஜோடி போனால் மறு ஜோடி என்று அவை அங்கே வந்திருக்க வேண்டும். 1998-ஆம் வருஷத்தோடு வரவு நின்று விட்டது. மாடுகளுக்கு வலி போக்கக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, செத்த மாட்டின் மாமிசத்தின் வழியே தேசமெங்கும் பாறுகளைக் கொன்றதென்று பின்னர் கண்டுபிடித்தார்கள். 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடுக்கப்பட்டது. திருக்கழுக்குன்றத்து ஜோடி வராமற் போனதற்கும் அதுதான் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன்.

"அவை வராத அன்றைக்கு யாராவது தேடிப் போனார்களா, சார்?" என்று கேட்டாள் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண். இவள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல நான் இன்னொரு பட்டம் வாங்க வேண்டும் போலிருக்கிறது.

மறுநாள் காணும் பொங்கல். காலை ஐந்தரை மணிக்கு வாயலூர்ப் பாலத்தருகில் இறங்கினோம். பத்து மணிக்கு மேல் கடற்கரை ஓரமெல்லாம் ஜனக்கூட்டம் வந்துவிடும். அதற்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்று நண்பர் அவசரப்படுத்தினார். பனி கொட்டியது. பெரியவர் தலையில் துண்டை முண்டாசாகக் கட்டிக் கொண்டார். வாயலூர்க் கோயிலில் ராஜசிம்ம பல்லவன் தன் முன்னோர் பெயர்களை ஐம்பதுக்கு மேல் ஒரு தூணில் வரிசையாக வெட்டி வைத்திருக்கிறான். பட்டியல் எழுதுவதற்கு ராசியான ஊர்தான் என்று சொல்லி, நண்பர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

கரையோடு நடந்தோம். வெறுமனே நடந்தால் சிறிது நேரத்தில் கடலை அடையலாம். நாங்கள் மூன்று மணி நேரம் எடுத்துக் கொண்டோம். பத்தடிக்கு ஒரு தரம் நண்பர் கையை உயர்த்துவார். பதினொரு பேரும் பொம்மை போல் நிற்போம். இரவல் வாங்கிய பைனாக்குலர் இரண்டு. அவை கைக்குக் கை மாறின. முதல் பறவையைக் கண்டுபிடித்த பெருமை எனக்கே கிடைத்தது. "அதோ, தண்ணீரில் வெள்ளையாக!" என்று கூவினேன். அது காலிப் பாட்டில். பையன்கள் வெகு நேரம் மரியாதையாகச் சிரிப்பை அடக்கிக் கொண்டிருந்தார்கள்.

சூரியன் கடலுக்கு மேலே ஒரு முழம் வந்த பிறகுதான் சேற்றுத் திட்டுகள் தெளிவாகத் தெரிந்தன. அப்பப்பா, எத்தனை உயிர்! சேறே நகருகிறதோ என்று தோன்றிற்று. நகர்ந்தவை கொசு உள்ளான்கள். இந்தப் பொடிப் பறவை இரண்டு தோலா எடை இருக்கும். ஸைபீரியாவின் வடகோடியில், மரம் முளைக்காத பனிப் பிரதேசத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிர் தொடங்கியதும் ஆயிரக்கணக்கான மைல் பறந்து இங்கே வருகிறது. எடையைக் கேட்டதும் பெரியவர் மனத்துக்குள் கணக்குப் போட்டு, "பத்துக் குருவி சேர்ந்தா ஒரு மார்க்கு ஜரிகை" என்றார். ஏறக்குறையச் சரி, ஜரிகை மார்க்கு ஒன்றுக்கு 242 கிராம்.

கடல் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் சந்திக்கும் இந்தச் சேற்றில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். நூலிழை போன்ற புழுக்களும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத இறால் குஞ்சுகளும், சிறு நத்தைகளும் நெளியும். ஆறு மேல்நாட்டு வண்டலைக் கொண்டு வந்து போடுகிறது. கடல் நாளைக்கு இரண்டு முறை ஏறி அதை நனைத்து விட்டு இறங்குகிறது. நம் கரையில் அந்த ஏற்ற இறக்கம் சுமார் மூன்றடிதான். ஆனால் அந்த மூன்றடியில்தான் இவ்வளவு பேருக்கும் சாப்பாடு. கொசு உள்ளானின் மூக்கு ஓர் அங்குலம்கூட இல்லை. அது மேற்சேற்றைக் கொத்துகிறது. பவளக்கால் உள்ளானுக்கு அதைவிட நீண்ட மூக்கு. அது சற்று ஆழம் போகிறது. கோட்டான் என்று ஒரு பறவை உண்டு. ஆந்தையைச் சொல்லவில்லை, இது ஐந்தங்குல நீளமும் அரிவாள் வளைவுமான மூக்குடைய கரைப் பறவை. அது அடியாழத்தில் ஒளிந்திருக்கும் புழுவையும் நண்டையும் இழுத்து எடுக்கிறது. ஒரே சேற்றில் அடுக்கடுக்காகப் பந்தி. ஒருவர் இலையில் மற்றவர் கை வைப்பதில்லை.

மணல் திட்டின் மேல் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் எல்லாம் ஒரே திசையில், காற்றுக்கு முகம் கொடுத்து நின்றன. அவை திபெத்திய ஏரிகளில் வளர்ந்தவை. மீசை ஆலாக்கள் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் தாழப் பறந்தன. கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கல் விழுந்தாற்போல் விழுந்தது. பிறகு, எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் ஒரு விராலடிப்பான் வந்து, இரண்டு கால்களையும் முன்னே நீட்டி நீரில் பாய்ந்து, துள்ளும் மீனைத் தூக்கிக் கொண்டு எங்கள் தலைக்கு மேலேயே போயிற்று. மீன் தலை முன்னும் வால் பின்னுமாக, காற்றுத் தடுக்காதபடி பிடித்திருந்ததை ஒரு பையன் கவனித்துச் சொன்னான். நான் கவனிக்கவில்லை.

எண்ணிக்கையில் தாய்மார் இருவரும் எல்லோரையும் தோற்கடித்தார்கள். கூட்டத்தைப் பத்துப் பத்தாகக் கண்ணால் கட்டி எண்ண வேண்டும் என்று நண்பர் சொல்லிக் கொடுத்தார். பாவில் இழை எண்ணிப் பழகிய கண்களுக்கு அது பெரிய வித்தையா? நான் இருநூறு என்ற இடத்தில் அவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு என்றார்கள். நண்பர் மறுபடி எண்ணிப் பார்த்து, முந்நூற்றுப் பன்னிரண்டையே எழுதிக் கொண்டார்.

வீச்சு வலையோடு வந்த மீனவர் ஒருவர் எங்களோடு சிறிது தூரம் நடந்தார். கோடையில் அலை மணலைக் கொண்டு வந்து முகத்துவாரத்தை அடைத்து விடும். மழைக் காலத்தில் ஆறு முட்டித் திறக்கும். ஆறு வராத வருஷம் அது திறப்பதில்லை என்று சொன்னார். அப்படி அடைந்து கிடந்தால் கடல் உள்ளே ஏறாது, சேறு காயும், மீன் குஞ்சு வராது. பக்ஷிகளும் வேறு இடம் தேட வேண்டும். அவருக்கும் கொசு உள்ளானுக்கும் கவலை ஒன்றுதான். முகத்துவாரத்துக்குச் சற்று மேலே தடுப்பணை ஒன்று கட்டியிருக்கிறார்கள். கிணறுகளில் உப்பு ஏறாமலிருக்க அது உதவுகிறது. கல்பாக்கத்துக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் ஜலம் வேண்டுமல்லவா? ஆனால், ஆற்றைக் கடைசி மைலில் தடுப்பதற்கு முன்னால், அதை முதல் மைலிலிருந்தே எத்தனை பேர் தடுத்திருக்கிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். சென்னை ராஜதானியும் மைசூர் சமஸ்தானமும் 1892-இல் செய்து கொண்ட உடன்படிக்கையிலிருந்து இந்த வழக்கு நடக்கிறது. மேலே ஏரிகள், நடுவே அணைகள், அப்புறம் மணல் அள்ளும் வண்டிகள்.

தோல் பதனிடும் கழிவு பாலாற்றில் கலப்பது பற்றிச் சுப்ரீம் கோர்ட்டு 1996 ஆகஸ்டில் பிரசித்தமான தீர்ப்பு ஒன்றைச் சொன்னது. அப்போது நான் மீசை அரும்பாத பையன். 2025 ஜனவரியில் அதே ஆற்றின் அதே துன்பத்துக்காக அதே கோர்ட்டு மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. இப்போது என் மீசை நரைத்திருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்கு நான் கொஞ்சம் ஆவேசமாகவே எடுத்துச் சொல்லிக் கொண்டிருந்தேன்.

பெரியவர் குறுக்கிட்டார். "தோல்காரங்களை விடுங்க வாத்தியாரே. என் தொட்டித் தண்ணி?"

நான் பேச்சை நிறுத்தினேன்.

"அம்பது வருஷம் சாயம் போட்டேன். அரக்கு, வாடாமல்லி, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள். அலசின தண்ணி அத்தனையும் வாய்க்கால்லதான் விட்டேன். வாய்க்கால் ஆத்துக்குத்தானே போகுது? அப்ப இங்கதானே வந்திருக்கும்?"

"வந்திருக்கும், ஐயா" என்றேன்.

அவர் குனிந்து சேற்றைப் பார்த்துக் கொண்டு நின்றார். எங்கள் ஆரணியில் என் ஜாதகம் எழுதிய காகிதம் முதல் என் பிள்ளையின் பள்ளிச் சம்பளம் வரை பட்டுத் தொழிலை நம்பியே நடந்தவை. ஆகவே, தோல்காரர்களைப் பற்றி எழுந்த அந்த ஆவேசம் எனக்கு மீண்டும் வரவில்லை.

கடலும் ஆறும் சேரும் இடத்தை அடைந்தபோது மணி எட்டரை. பெரிதாக வர்ணிப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டு மணல் மூக்குகளுக்கு நடுவே ஒரு திறப்பு. பழுப்பு நீர் மெள்ள வெளியே போகிறது. பச்சை நீர் நுரையோடு உள்ளே வருகிறது. இரண்டும் முட்டும் இடத்தில் கோணலாக ஒரு கோடு. அவ்வளவுதான். வெகு நேரம் அதையே பார்த்துக் கொண்டிருந்தோம். பிள்ளைகள் ஓடிப் போய்க் கோட்டுக்கு இந்தப் பக்கத்து நீரையும் அந்தப் பக்கத்து நீரையும் நாக்கில் வைத்துப் பார்த்தார்கள்.

பெரியவர் என்னைத் தனியே அழைத்தார். அவருடைய மனைவி 2019 பங்குனியில் காலமானாள். கமண்டல நதியில் அப்போது சொட்டு ஜலமில்லை. மணலைத் தோண்டி, ஊறிய கலங்கல் நீரில் அஸ்தியைக் கரைத்து விட்டு வந்தார்கள். "கரைச்சா கடலுக்குப் போய்ச் சேரணும்னு சொல்றாங்க. அவ அந்தக் குழியிலேயே இருக்காளோன்னு ஒரு நினைப்பு. யார்கிட்டக் கேக்கறது? நீங்க பூகோளம் சொல்லித் தரவர்."

இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு பரீட்சை எனக்கு வைக்கப்பட்டதில்லை. நல்ல வேளையாக விடை தெரிந்தது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. 1903-இல் வாணியம்பாடியை அழித்த வெள்ளத்தை முதியவர்கள் அப்போது நினைவு கூர்ந்தார்கள். செய்யாறும் கரை கொள்ளாமல் போயிற்று. எங்கள் கமண்டல நதியும் மணலைப் புரட்டிக் கொண்டு ஓடியதை நாங்கள் இருவருமே பாலத்தில் நின்று பார்த்திருக்கிறோம். அதைச் சொன்னேன். அந்த வெள்ளத்தில் ஆற்றின் மேல்மணல் இடம் பெயர்ந்திருக்கும், குழியில் எதுவும் தங்கியிருக்காது, இந்த வாய் வழியாகத்தான் போயிருக்க வேண்டும் என்று சொன்னேன்.

"எத்தனை நாள்ல வந்திருக்கும்?"

"வெள்ளத்தின் வேகத்துக்கு இரண்டு மூன்று நாள், ஐயா."

அவர் விரலை மடக்கி எதையோ எண்ணினார். பிறகு முண்டாசை அவிழ்த்துத் தோளில் போட்டுக் கொண்டு, முழங்கால் வரை நீரில் இறங்கி நின்றார். அவருக்குப் பத்தடி தள்ளிக் கொசு உள்ளான்கள் பயமில்லாமல் மேய்ந்து கொண்டிருந்தன.

ஒன்பதாம் வகுப்புப் பெண் நோட்டுப் புத்தகத்தோடு என்னிடம் வந்தாள். முப்பத்தேழு வகை ஆகியிருந்தது. "தாத்தா பக்கத்தில் இருக்கிறவற்றையும் எண்ணிவிடட்டுமா, சார்?" என்று மெல்லக் கேட்டாள். கொஞ்சம் பொறு, அவர் வெளியே வரட்டும் என்றேன். பாலத்துப் பக்கமிருந்து காணும் பொங்கல் கூட்டத்தின் ஊதல் சத்தம் அதற்குள் கேட்க ஆரம்பித்து விட்டது. உள்ளான்கள் அனைத்தும் ஒரே வீச்சில் எழும்பி, வெள்ளையாக ஒரு தரமும் பழுப்பாக ஒரு தரமும் திரும்பி, எதிர்க் கரையில் போய் இறங்கின. அவள் அங்கிருந்தே எண்ணத் தொடங்கினாள்.